அரிசி இருந்தும் பசி ஏன்? – பேராசிரியர் அமர்த்தியா சென்னின் கணக்கு



பொருளியல் என்ற சொல்லைக் கண்டதும் இது ஆண்கள் வாசிக்கும் பக்கம் என்று நினைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாத முடிவில் வீட்டுக்கு வரும் காசைக் கையில் வைத்துக்கொண்டு, அரிசிக்கு இவ்வளவு, பிள்ளையின் வகுப்புக் காசுக்கு இவ்வளவு, கடைக் கொப்பியில் ஏறியிருக்கும் கடனுக்கு இவ்வளவு என்று நீங்கள் பிரித்து வைக்கிறீர்களே, அந்த வேலையின் விரிந்த வடிவம்தான் பொருளியல். ஆனால் அதைப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கத் தொடங்கியபின், ஒரு நாட்டின் மொத்த வருமானம் என்ன, மொத்த விளைச்சல் என்ன என்ற பெரிய எண்களோடு பலர் நின்றுவிட்டார்கள். அந்த மொத்தத்தில் யாருடைய தட்டில் எவ்வளவு விழுந்தது என்று கேட்டவர்கள் சிலரே. அந்தச் சிலரில் முதன்மையானவர் பேராசிரியர் அமர்த்தியா சென். அவருடைய வாழ்க்கையையும் கருத்துகளையும் உங்களுக்குச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் உண்டு. அவர் தேடிப் போன கேள்வி கடைசியில் வந்து நின்ற இடம் பாராளுமன்றமோ வங்கியோ அன்று. நமது வீட்டுக் குசினிதான்.

சென் 1933 நவம்பர் 3ஆம் திகதி வங்காளத்தின் சாந்திநிகேதனில் பிறந்தவர். கவிஞர் ரவீந்திரநாத் தாகூர்தான் அவருக்குப் பெயர் வைத்தார். தந்தை அசுதோஷ் சென் டாக்கா பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியராக இருந்ததால், குடும்ப வீடு டாக்கா நகரின் வாரிப் பகுதியில் இருந்தது. தாய்வழிப் பாட்டனார் ஷிதிமோகன் சென் சமஸ்கிருத அறிஞர். ஆயினும் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து வளர்த்த வாய்மொழி மரபுகளைக் கிராமம் கிராமமாகச் சென்று சேகரித்தவர். தாய் அமிதா சென், நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறுவதை ஊர் ஏற்றுக்கொள்ளாத காலத்தில் தாகூரின் நாட்டிய நாடகங்களில் பங்குகொண்டவர். மேடை நாட்டியம் பற்றி நமது கருத்து வேறு, அதை விடுங்கள். அந்த அம்மையார் பின்னாளில் வங்காள மொழியில் ஒரு சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார் என்பதை இச்சஞ்சிகையின் வாசகிகளாகிய நீங்கள் கவனித்துக்கொள்வீர்கள்.

1943ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பர்மா ஜப்பானியர் வசமாகிவிட்டது. வங்காளம் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. சாந்திநிகேதனில் பாடசாலை மாணவனாக இருந்த சென்னுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் பாடசாலை வளவுக்குள் புத்தி பேதலித்தவர்போல் ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். சில முரட்டுப் பையன்கள் அவரைச் சீண்டி விளையாடினார்கள். விசாரித்துப் பார்த்தபோது, அவர் ஒரு மாதமளவில் உண்ணாதவர் என்று தெரிந்தது. அவர் தனியாள் என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். சில நாட்களில் பத்துப் பேர், பிறகு நூறு பேர், பிறகு எண்ண முடியாத கூட்டம். எலும்பும் தோலுமாகக் கல்கத்தாவை நோக்கி நடந்து போனார்கள். உதவி கேட்டு வருவோருக்கு ஒரு சிகரெட் ரின்னில் பாதியளவு அரிசி கொடுக்கலாம் என்று சிறுவனுக்கு வீட்டில் அனுமதி கிடைத்தது. பாதி ரின் அரிசி ஒருவருக்கு எத்தனை வேளைக்குப் போதும்?

அந்தப் பஞ்சத்தில் இறந்தோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் என்பது சென் பின்னாளில் செய்த மதிப்பீடு. ஆனால் சிறுவனின் மனதில் தைத்த விடயம் வேறு. அவனுடைய உறவினர், நண்பர்கள், வகுப்புத் தோழர்கள் என்று எவர் வீட்டிலும் ஒருவர்கூடப் பட்டினி கிடக்கவில்லை. வீதியில் பிணம் கிடக்க, வீட்டில் வழக்கம்போலச் சோறு வெந்தது. ஒரே ஊரில் இது எப்படி நடந்தது?

இதற்கு அடுத்த ஆண்டளவில் டாக்கா வீட்டில் நடந்ததை அவர் பல இடங்களில் எழுதியிருக்கிறார். பிரிவினைக்கு முந்திய அந்த ஆண்டுகளில் வங்காளத்தில் இந்து முஸ்லிம் கலவரங்கள் மூண்டிருந்தன. ஒரு பகல் வேளை, வீட்டு முற்றத்தில் சென் விளையாடிக்கொண்டிருந்தபோது, வெளிவாசலைத் திறந்துகொண்டு ஒரு மனிதர் அலறியபடி உள்ளே வந்தார். முதுகில் கத்திக்குத்து, உடலெங்கும் இரத்தம். அவர் பெயர் காதர் மியா. அன்றாடங்காய்ச்சியான ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளி. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்தப் பகுதியில் ஒரு வீட்டில் சிறு கூலி வேலை கிடைத்ததென்று வந்தவரைத் தெருவில் காடையர் குத்திவிட்டார்கள். சிறுவன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். பெரியவர்களைக் கூவி அழைத்தான். தந்தை அவரை வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றார். போகும் வழியில் காதர் மியா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கலவர நேரத்தில் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று மனைவி தடுத்தாள். ஆனால் வீட்டில் உண்ண ஒன்றுமில்லை, உழைக்காமல் எப்படி இருப்பது என்பதுதான் அது. அவர் வைத்தியசாலையில் வபாத்தானார்.

அந்த மனைவியைப் பற்றி வேறெந்த விபரமும் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் ஆபத்தைச் சரியாகவே கணித்திருந்தாள். கணித்து என்ன பயன்? ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கும் வசதி அந்த வீட்டில் இருந்திருந்தால் அவள் சொல் எடுபட்டிருக்கும். வறுமை என்பது வயிறு காய்வது மட்டுமில்லை, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரத்தையும் அது பறித்துவிடுகிறது என்று சென் பிற்காலத்தில் எழுதிய கருத்துக்கு முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. 1999இல் வெளிவந்த அவருடைய பிரபலமான நூல், சுதந்திரம் விரிவடைவதையே அபிவிருத்தி என்று சொல்கிறது. அதன் தொடக்கத்திலேயே காதர் மியாவின் கதை வருகிறது.

சென்னின் கல்வி வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பட்டங்களும் பதவிகளும் அவ்வளவு நீளமானவை. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது வாயில் ஒரு சிறு கட்டி தென்பட்டது. பார்த்த வைத்தியர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர் தாமே நூலகத்தில் வைத்திய நூல்களை எடுத்து வாசித்து, இது புற்றுநோய் என்று சந்தேகித்துப் பரிசோதனையை வற்புறுத்தினார். சந்தேகம் சரியாகவே இருந்தது. ஐந்து வருடம் உயிர்வாழ நூற்றுக்குப் பதினைந்து வீதமே வாய்ப்பு என்று கூறப்பட்டது. 1952இல் கடுமையான கதிர்ச் சிகிச்சை பெற்றுத் தேறினார். அப்போது அவருக்கு வயது 18. இன்று அவர் தொண்ணூறைத் தாண்டியவர். ஆயுளின் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

1953இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். 1956இல், 23 வயது நிறையுமுன்னே, கல்கத்தாவில் புதிதாகத் தொடங்கிய ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். இதை விரும்பாதவர்கள், தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிவந்து பேராசிரியர் கதிரையில் இருத்துவதுபோலப் பல்கலைக்கழகச் சுவரில் படம் கீறி வைத்தார்களாம்! பின்னர் டெல்லி, இலண்டன், ஒக்ஸ்பர்ட், அமெரிக்காவின் ஹார்வர்ட் என்று கற்பித்தார். 1998இல் தாம் படித்த திரினிட்டி கல்லூரிக்கே அதிபரானார். அக்காலத்தில் ஒருமுறை இலண்டன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அவருடைய இந்தியக் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கும் முகவரியாகத் திரினிட்டி அதிபரின் இல்லம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அதிபர் உங்களுக்கு நெருங்கிய நண்பரா என்று கேட்டார். ஒருவர் தமக்குத் தாமே நண்பராக இருக்க முடியுமா என்று பேராசிரியர் யோசித்து நின்றதில், அதிகாரிக்குச் சந்தேகம் வலுத்துவிட்டதாம்.

இனி அவருடைய முக்கியமான ஆராய்ச்சிக்கு வருவோம். 1981இல் வெளியான வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில், சிறுவயதில் கண்ட அந்த 1943ஆம் ஆண்டை அவர் கணக்கெடுத்துப் பார்த்தார். பஞ்சம் என்றால் உணவுத் தட்டுப்பாடு; மழை பொய்க்கும், விளைச்சல் குறையும், மக்கள் இறப்பார்கள். இதுதான் எல்லோரும் நம்பியிருந்தது. ஆனால் சென் கண்ட கணக்கின்படி 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு, முந்திய ஐந்து வருடச் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்து வீதமே குறைவு. 1941ஐ விட 13 வீதம் அதிகம். 1941இல் பஞ்சம் வரவில்லை! அப்படியானால் முப்பது இலட்சம் பேர் ஏன் இறந்தார்கள்?

போர்ச் செலவுக்காகக் கல்கத்தாவில் காசு புரண்டது. நகரத் தொழிற்சாலைகளில் வேலை செய்தோருக்கு மலிவு விலையில் உணவு கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. கிராமங்களின் அரிசியை நகரம் இழுத்தது. பதுக்கலும் பயமும் சேர்ந்தன. 1942 டிசம்பரில் மணங்கு ஒன்று 13, 14 ரூபாவாக இருந்த அரிசி 1943 ஓகஸ்டில் 37 ரூபாவுக்கு ஏறியது. ஒரு மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. வயற்கூலியின் சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை. ஜப்பானியர் வந்தால் பயன்படுத்திவிடுவார்கள் என்று கரையோரத்துப் படகுகளை ஆட்சியாளர் பறித்தும் அழித்தும் விட்டதால், மீனவர்களின் பிழைப்பும் போயிற்று. அரிசி வாங்கவே காசில்லாதபோது முடிவெட்ட யார் போவார்? நாவிதரும் பட்டினி. நெல் குற்றிக் கூலி வாங்கிய ஏழைப் பெண்களும் பட்டினி. கடையில் அரிசி இருந்தது. அதைத் தமதாக்கிக்கொள்ளும் வழி அவர்களிடம் இருக்கவில்லை.

இந்த வழியைத்தான் சென் ஒரு தனிச் சொல்லால் குறித்தார். நம் நாட்டுக் காணி உறுதிகளில் வரும் ‘உரித்து’ என்ற சொல்லே அதற்குப் பொருத்தமாக எனக்குப் படுகிறது. ஒருவருக்கு உணவின் மீது உரித்து எப்படி வருகிறது? தானே விளைவித்தால் வரும். உழைப்பை விற்ற கூலியால் வரும். தன்னிடமுள்ள பொருளைக் கொடுத்து மாற்றினால் வரும். பெற்றோரோ அரசோ கொடுத்தால் வரும். இந்த வழிகள் அடைபட்டால், உலகத்தில் எவ்வளவு நெல் விளைந்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரியாது. அவ்வருடம் நெற்பயிரில் பரவிய நோயைச் சென் குறைத்து மதிப்பிட்டுவிட்டார், உண்மையான தட்டுப்பாடு அதைவிடப் பெரியது என்று வாதிட்ட ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். உரித்து என்ற பார்வை அதன்பின் பஞ்சம் பற்றிய ஆய்வுகளையே மாற்றிவிட்டது.

நமக்கு இது தூரத்துக் கதையுமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. கடைகள் அன்றும் திறந்தேயிருந்தன. அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. உங்களில் எத்தனை பேர் கடைக்குள் போய், விலையைக் கேட்டுவிட்டு, பாதியளவோடு திரும்பினீர்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

சென்னின் இன்னொரு கருத்தும் இதோடு சேர்ந்தது. தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் ஒழுங்காக இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்பட்டதில்லை என்றார். வங்காளப் பஞ்சத்தில் பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தது. கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகையான ஸ்டேட்ஸ்மனின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் தாமும் ஓர் ஆங்கிலேயரே. மனச்சாட்சி பொறுக்காமல் 1943 ஓகஸ்டில் பட்டினிச் சாவுகளின் படங்களைப் பிரசுரித்தார். ஒக்டோபரில் கடுமையான ஆசிரியத் தலையங்கங்களை எழுதினார். இலண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதன் பின்னரே நிவாரணம் முறையாகத் தொடங்கியது. சுதந்திரம் பெற்ற பின் இந்தியாவில் அத்தகைய பெரும் பஞ்சம் வரவில்லை. ஆனால் சென் அத்துடன் திருப்தியடைந்துவிடவில்லை. பஞ்சம் படம் பிடிக்கக் கூடியது, பத்திரிகையில் வரும். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உண்டு தேயும் உடலை எந்தப் பத்திரிகை படம் பிடிக்கும்?

சகோதரிகளே, இங்கேதான் அவர் வீட்டுக்குள் வருகிறார்.

பஞ்சம் முடிந்த மறுவருடம், 1944இல், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூர் என்ற இடத்தில் அகில இந்திய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உங்கள் தேகசுகம் எப்படி என்று கேட்டார்கள். ஆண்களில் 48.5 வீதத்தினர் நோயாக அல்லது சுகம் சுமாராக இருப்பதாகச் சொன்னார்கள். விதவைகளில் அப்படிச் சொன்னவர்கள் எத்தனை வீதம் தெரியுமா? 2.5 வீதம்! சுகம் சுமார் என்று மட்டும் சொன்னவர்களைத் தனியாக எடுத்தால், ஆண்களில் 45.6 வீதம், விதவைகளில் ஒருவர்கூட இல்லை. அந்நாட்டில் விதவைகளின் நிலை என்ன என்பதை அறிந்தவர் எவரும் அவர்கள் ஆண்களைவிடச் சுகமாக இருந்தார்கள் என்று நம்பமாட்டார். பழைய அறிக்கை ஒன்றில் தூசு படிந்து கிடந்த இந்த எண்களைச் சென் எடுத்து உலகத்தின் முன் வைத்தார். கஷ்டத்துக்குப் பழகிப்போனவர் அதைக் கஷ்டம் என்று சொல்லவும் மறந்துவிடுவார். ஆகவே நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டு வரும் பதிலை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் நிலையை அளக்க முடியாது என்பது அவர் வாதம்.

இதை வாசித்த அன்று எனக்கு நமது வீடுகளின் உம்மாமார்தான் நினைவுக்கு வந்தார்கள். வாப்பாவுக்கு நடுத்துண்டு மீன், மகனுக்கு இன்னொன்று, மருமகனுக்குப் பொரித்தது. சட்டியின் அடியில் கிடக்கும் குழம்போடு உம்மா கடைசியாக உட்காருவார். கேட்டால், எனக்கொன்றும் வேண்டாம், நான் சும்மா இருக்கிறேன் என்பார். இதை நாம் பாசம் என்கிறோம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து வைத்தியர் இரத்தம் குறைவு என்று எழுதிக் கொடுக்கும்போதும் அதே உம்மாதான் எனக்கொன்றுமில்லை என்கிறார்.

சென் சொல்லக் கேட்டதோடு நிற்பவரல்லர். 1983இல் சுனில் சென்குப்தா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து மேற்கு வங்காளத்தில் இரண்டு கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீடு வீடாக நிறுத்துப் பார்த்தார்கள். தராசைக் கண்டு பிள்ளைகள் கத்திக் குழறின. கிட்ட வரும் ஒவ்வொரு கையையும் கடிக்கும் ஒரு பெண் குழந்தையைத் தம்மால் நிறுக்க முடியவில்லை என்று உதவியாளர் பேராசிரியர் சென்னையே அழைக்க வேண்டியும் வந்ததாம். நிறுத்து முடித்தபோது கண்டது இதுதான்: பிறக்கும்போது பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளுக்குப் பின்தங்கியிருக்கவில்லை. வளர வளரவே பின்தங்கினார்கள். தட்டும் மருந்தும் கவனிப்பும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

1990இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகை உலுக்கியது. சம கவனிப்புக் கிடைத்தால் பெண்களே ஆண்களைவிட அதிக காலம் உயிர்வாழ்கிறார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நூறு ஆண்களுக்கு ஏறத்தாழ 105 பெண்கள். தெற்காசியாவிலும் சீனாவிலும் மேற்காசியாவிலுமோ 94 அல்லது அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால் உலகில் பத்துக் கோடிக்கும் அதிகமான பெண்கள் ‘காணாமல்’ போயிருக்கிறார்கள் என்று எழுதினார். பெண் சிசுவை மண்ணில் புதைத்த அறியாமைக் காலத்தை ஒழித்த மார்க்கம் நம்முடையது என்று மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் பெண்கள் குறைந்த நாடுகளின் வரிசையில் பாகிஸ்தானும் பங்களாதேஷும் அன்று இருந்தன. புதைப்பதற்கு மண்வெட்டி தேவையில்லை. காய்ச்சல் கண்ட மகனை அன்றே வைத்தியரிடம் கொண்டுபோய், மகளை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் போதும்.

இலங்கையைப் பற்றிச் சென் நிறையவே எழுதியிருக்கிறார். ஏழை நாடாக இருந்தும் மக்களின் ஆயுளையும் எழுத்தறிவையும் உயர்த்த முடியும் என்பதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் கேரளத்தோடு நம் நாடும் உண்டு. 1942இல் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீட்டை உங்கள் உம்மாமார் கூப்பன் அரிசி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1979இல் உணவு முத்திரை வரும்வரை ஏதோ ஒரு வடிவில் அது நீடித்தது. 1945இல் இலவசக் கல்வி. அதே காலத்தில் மலேரியா ஒழிப்பு. கிராமங்கள் தோறும் ஆஸ்பத்திரிகள். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளியலாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். விளைவைப் பாருங்கள். 1946இல் இந்நாட்டில் ஆண்களின் சராசரி ஆயுள் 43.9 வருடம், பெண்களின் ஆயுள் 41.6. ஆம், பெண்கள்தான் முதலில் போனார்கள். பிரசவமும் மலேரியாவும் இரத்தக் குறைவும் கொண்டுபோயின. 1960களில் அந்த இடைவெளி மூடி, பிறகு தலைகீழானது. இன்று பெண்கள் ஆண்களைவிடப் பல வருடங்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களில் 51.5 வீதம் பெண்கள். நமது பாட்டிமார் இழந்ததை நாம் திரும்பப் பெற்றது கூப்பன் புத்தகத்தாலும் பாடசாலைப் புத்தகத்தாலும் குடும்ப நல மாதுவாலும்தான்.

இத்தகைய விடயங்களை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூபுல் ஹக். கேம்பிரிட்ஜில் சென்னோடு படித்த நண்பர். பின்னாளில் தம் நாட்டின் நிதியமைச்சராகவும் இருந்தவர். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து நாடுகளுக்கு ஒரே புள்ளி வழங்குவோம் என்று அவர் கேட்டபோது சென் முதலில் மறுத்தார். மனித வாழ்வை ஓர் எண்ணில் அடக்குவது முரட்டுத்தனம் என்றார். மொத்த வருமானம் என்ற எண்ணும் முரட்டு எண்தானே, அதைப்போல இலகுவான, ஆனால் மனிதரைக் காணும் கண்ணுள்ள ஓர் எண் வேண்டும் என்று ஹக் வாதாடி இணங்கவைத்தார். 1990 முதல் ஐ.நா. வெளியிட்டுவரும் மனித அபிவிருத்திச் சுட்டெண் அப்படித்தான் பிறந்தது. மர்ஹூம் ஹக் 1998 ஜூலையில் காலமானார். அதே வருடம் ஒக்டோபரில் சென்னுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசுப் பணத்தைக் கொண்டு இந்தியாவிலும் பங்களாதேஷிலும் எழுத்தறிவு, அடிப்படைச் சுகாதாரம், ஆண் பெண் சமத்துவம் ஆகியவற்றுக்காகப் பிரதிச்சி என்ற பெயரில் இரு நம்பிக்கை நிதியங்களை அவர் நிறுவினார்.

அவருடைய எல்லாக் கருத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சென் தம்மை இறைநம்பிக்கையற்றவர் என்று வெளிப்படையாகக் கூறுபவர். 2006இல் எழுதிய நூலில், மனிதருக்கு ஒன்றல்ல, பல அடையாளங்கள் உண்டு. ஒருவரை முஸ்லிம் என்றோ இந்து என்றோ ஒரே பெட்டிக்குள் அடைப்பதே வன்முறைக்கு வித்து என்கிறார். நம்பிக்கையாளருக்கு ஈமான் மற்ற அடையாளங்களோடு வரிசையில் நிற்கும் இன்னோர் அடையாளமாக இருக்க முடியாது. அங்கே அவருக்கும் எனக்கும் வழி பிரிகிறது. ஆனால் காதர் மியாவைக் குத்தியவர் அவரிடம் ஒரு தகப்பனை, ஒரு கூலியாளை, பசித்த ஒருவரைக் காணவில்லை என்று சென் சொல்லும்போது எனக்கு மறுக்க ஒன்றுமில்லை. இந்த நாட்டில் நாம் பட்டதை வைத்துப் பார்த்தாலும் மறுக்க முடியாது.

வீட்டுக்குள் பெண்ணின் பங்கு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் தந்தார். குடும்பம் என்பது ஒத்துழைப்பு. அதே நேரத்தில் அதற்குள் ஓர் இழுபறியும் உண்டு. அந்த இழுபறியில் யாருடைய சொல் எடுபடும்? கல்வி உள்ளவர், கையில் வருமானம் உள்ளவர், பெயரில் சொத்து உள்ளவர், எல்லாவற்றுக்கும் மேலாக, இவரும் உழைக்கிறார் என்று மற்றவர்கள் ஒத்துக்கொள்ளும் ஒருவர். ஆந்திராவில் நரசாப்பூர் என்ற ஊரில் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பின்னிய லேஸ் கடல் கடந்து விற்பனையானது. ஆனால் ஊர் அவர்களைத் தொழிலாளர் என்று எண்ணவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள் என்றே எண்ணியது. நம்மூர்களில் பாய் பின்னுபவர்கள், தைப்பவர்கள், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள். கல்வியைப் பற்றிய கணக்கு இன்னும் கூர்மையானது. இந்திய மாவட்டங்களின் 1981 குடிசன மதிப்பீட்டு விபரங்களை வைத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, பெண்களின் எழுத்தறிவு 22 வீதத்திலிருந்து 75 வீதமானால், ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு 156இலிருந்து 110 ஆகக் குறையும் என்று கண்டார்கள். வறுமையைப் பாதியாகக் குறைத்தாலோ 156 என்பது 153 ஆகும், அவ்வளவே. தாய் வாசிக்கத் தெரிந்தவளா என்பது, தகப்பன் கையில் எவ்வளவு காசு என்பதைவிடப் பிள்ளையின் உயிருக்குக் கூடுதலாக உதவுகிறது.

சொத்து என்றதும் எனக்கு நான் கற்பிக்கும் பாடம் நினைவுக்கு வருகிறது. அரபுக் கல்லூரியில் ஒவ்வொரு வருடமும் மேல்வகுப்பு மாணவர்களுக்கு வாரிசுரிமைச் சட்டத்தை நடத்துகிறேன். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மகளுக்கு இவ்வளவு என்று பின்னங்களைப் பிள்ளைகள் பிசகாமல் போட்டுவிடுவார்கள். ஆனால் வாப்பா மௌத்தான வீட்டில் நாற்பது நாள் கழியுமுன் என்ன நடக்கிறது? எனக்கொன்றும் வேண்டாம், காக்கா எடுத்துக்கொள்ளட்டும் என்று தங்கச்சி கையெழுத்துப் போடுகிறாள். கொடுக்கத்தான் அவளுக்கு உரிமை உண்டு. மனமார விட்டுக்கொடுத்தால் யாரும் கேட்க முடியாது. மனமார விட்டாளா, ஊர் என்ன சொல்லும் என்று விட்டாளா, அப்படியொரு பங்கு தனக்கு உண்டு என்பதே தெரியாமல் விட்டாளா என்று கேட்டுப் பார்த்த காக்காமார் எத்தனை பேர்? இறைவன் எழுதி வைத்த உரித்து அது.

அடுத்த தவணையில் அந்தப் பாடம் மீண்டும் வருகிறது. பின்னக் கணக்குகள் முடிந்ததும், இம்முறை சிங்கூரின் 48.5ஐயும் 2.5ஐயும் கரும்பலகையில் எழுதி, இவை எதைப் பற்றிய எண்கள் என்று மாணவர்களிடம் கேட்கலாமென்றிருக்கிறேன்.